பேக்கப்பில் எது போகும், எது போகாது? சேர்க்கும் விதி, விலக்கும் விதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில சிறிய அலுவலகங்களுக்கும் ஒரு புகைப்பட ஸ்டூடியோவுக்கும் பேக்கப் அமைத்துக் கொடுத்து, அதைப் பார்த்துக்கொண்டும் வருகிறேன். தொலைபேசியில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. "விலக்கச் சொன்னேன், போயிருக்கிறது." "சேர்க்கச் சொன்னேன், போகவில்லை." ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் சேர்த்துவிட்டேன்.

பெரும்பாலான பதில்கள் ஆர்சிங்க் நிரலை வைத்து எழுதியவை. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெரஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட நிரல் அது. லினக்ஸ் பக்கம் பேக்கப் என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். ரெஸ்டிக், போர்க் என்ற வேறு இரண்டு பேக்கப் நிரல்கள் எங்கே வேறு வழியில் போகின்றனவோ அங்கே குறிப்பிடுகிறேன். கட்டளைகளையும் கோப்பு வகைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். விதி வரியின் தொடக்கத்தில் `+` என்றால் சேர், `-` என்றால் விலக்கு.

1. விதி எதுவுமே எழுதாவிட்டால் என்ன ஆகும்?

காட்டிய ஃபோல்டரில் இருக்கும் எல்லாம் போகும். எந்த விதியிலும் சிக்காத கோப்பு, சேர்க்கப்பட்ட கோப்பாகவே கணக்கு. அதனால் விலக்கு விதி ஒன்றுகூட இல்லாமல் சேர் விதியை மட்டும் எழுதினால் அதற்கு வேலையே இல்லை. "2024 ஃபோல்டரைச் சேர் என்று தெளிவாக எழுதியிருக்கிறேனே, 2019 ஏன் போகிறது?" என்று கேட்டவருக்கும் இதுதான் பதில். 2019-ஐ யாரும் தடுக்கவில்லை, போய்விட்டது.

சேர் விதி என்பது, பின்னால் வரும் ஒரு விலக்கிலிருந்து குறிப்பிட்ட ஒன்றைக் காப்பாற்றிக்கொள்வதற்காக எழுதுவது. விலக்கு இல்லாத பட்டியலில் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

2. மேலே இருக்கும் விதி வெல்லுமா, கீழே இருக்கும் விதி வெல்லுமா?

ஆர்சிங்க்கில் மேலே இருப்பது. ஒவ்வொரு பெயரையும் எடுத்துக்கொண்டு பட்டியலை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வரும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் படிக்காது. போர்க் நிரலில் விதிகளை எழுதும் பேட்டர்ன் பட்டியலும் இப்படித்தான் (பேட்டர்ன் என்பது ஒப்பிட வேண்டிய பெயரின் வடிவம்).

நிரல் எழுதுகிறவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்களுக்குப் பழக்கமான கிட்-இக்னோர் கோப்பு (கிட் என்ற கருவி எவற்றைக் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லும் பட்டியல்) இதற்கு நேர் எதிர். அங்கே கடைசியாகப் பொருந்திய வரிதான் வெல்லும். முதலில் பொதுவாக விலக்கிவிட்டு, பிறகு ஆச்சரியக்குறி போட்டுச் சிலவற்றை மீட்பது அவர்களுடைய கை வழக்கம். அந்தப் பட்டியலை அப்படியே ஆர்சிங்க்குக்குக் கொண்டுவந்தால் மேலே உள்ள பொது விலக்கே எல்லாவற்றையும் முடித்துவிடும். ஆர்சிங்க்குக்கு எழுதும்போது சிறப்பு விதி மேலே, பொது விதி கீழே.

3. தற்காலிகக் கோப்புகளை மட்டும்தானே விலக்கினேன், கோயில் கல்யாணப் படங்கள் எங்கே போயின?

இது அந்த ஸ்டூடியோவில் நடந்தது. விதி எழுதியவன் நானேதான். தற்காலிகக் கோப்புகளுக்காக `- டெம்ப்*` என்று ஒரு வரி போட்டிருந்தேன். அவர்கள் கோயிலில் நடந்த கல்யாணங்களை எல்லாம் "டெம்பிள்" என்று தொடங்கும் ஃபோல்டர்களில் வைப்பார்கள். ஆங்கிலத்தில் டெம்பிள் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்தும் டெம்ப்தான். நட்சத்திரக் குறிக்கு மீதி எழுத்துகள் எதுவானால் என்ன? மண்டபக் கல்யாணங்கள் எல்லாம் பேக்கப்பில் பத்திரமாக இருந்தன; கோயில் கல்யாணம் ஒன்றுகூட இல்லை. மூல வட்டு நன்றாக இருந்ததால் தப்பித்தேன்.

அந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள். பெயரின் தொடக்கத்தை மட்டும் பிடித்தது முதல் தவறு. எந்த ஆழத்தில் இருக்கும் பெயரையும் பிடிக்கும்படி விட்டது இரண்டாவது. விதியில் சாய்கோடே இல்லாவிட்டால் பாதையின் கடைசித் துண்டோடு, அதாவது கோப்பின் பெயரோடு அல்லது ஃபோல்டரின் பெயரோடு மட்டும்தான் ஆர்சிங்க் ஒப்பிடும். அந்தத் துண்டு மரத்தின் எந்தக் கிளையில் இருந்தாலும் சரி. நான் எழுதியிருக்க வேண்டியது `- /டெம்ப்/`. இந்த இரண்டு சாய்கோடுகளும் என்ன செய்கின்றன என்பது அடுத்த பதிலில்.

4. சாய்கோட்டை முன்னால் போடுவதற்கும் பின்னால் போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

முன்னால் போட்டால் விதி இடத்தோடு கட்டப்படுகிறது. `/டெம்ப்` என்றால் உச்சியில் இருக்கும் டெம்ப் மட்டும். மூன்று படி உள்ளே இருக்கும் டெம்ப் அல்ல. பின்னால் போட்டால் ஃபோல்டர் மட்டும். `டெம்ப்/` என்ற விதி, அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதைத் தொடாது.

நடுவில் போட்டால்? `படங்கள்/டெம்ப்` என்பது பாதையின் கடைசி இரண்டு துண்டுகளோடு ஒப்பிடப்படும். "படங்கள்" என்ற ஃபோல்டருக்குள் நேராக இருக்கும் "டெம்ப்" எல்லா ஆழத்திலும் அகப்படும். ரெஸ்டிக் நிரலில் ஒரு மாற்றம்: பின்சாய்கோட்டை அது கண்டுகொள்ளாது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

5. ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம். எதற்கு இத்தனை?

ஒற்றை நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது. `/படங்கள்/*` என்றால் படங்கள் ஃபோல்டருக்கு அடுத்த படியில் இருப்பவை. இரட்டை நட்சத்திரம் சாய்கோட்டையும் விழுங்கும். `/படங்கள்/**` அதற்குள்ளே எந்த ஆழத்தில் இருப்பதையும் பிடிக்கும். மூன்று நட்சத்திரம் ஆர்சிங்க்கின் 2.6.7 பதிப்பில் வந்தது. `/படங்கள்/***` என்பது படங்கள் என்ற ஃபோல்டரையும் அதற்குள் உள்ள அனைத்தையும் ஒரே வரியில் பிடிக்கும். இரண்டு வரி எழுதுகிற வேலை மிச்சம்.

போர்க் பயன்படுத்துகிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அதில் எக்ஸ்க்ளூட் தெரிவில் (தெரிவு என்பது கட்டளையோடு சேர்த்துத் தட்டும் ஆப்ஷன்) வகை சொல்லாமல் எழுதிய பேட்டர்னில் ஒற்றை நட்சத்திரமே சாய்கோட்டைத் தாண்டிப் போகும். பேட்டர்ன் பட்டியலில் எழுதினாலோ ஒற்றை நட்சத்திரம் சாய்கோட்டில் நிற்கும். ஒரே நிரல், ஒரே குறி, எழுதுகிற இடத்தைப் பொறுத்து இரண்டு பொருள். இதை யார் நல்ல ஏற்பாடு என்று நினைத்தார்களோ, எனக்கு விளங்கவில்லை.

6. ஒரு ஃபோல்டரை விலக்கிவிட்டு அதற்குள்ளே ஒன்றை மட்டும் சேர்த்தேன். ஏன் வரவில்லை?

எனக்கு வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். எழுதியிருப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

`- /பழையவை/`
`+ /பழையவை/ஆல்பம்/`

இரண்டாவது பதிலைப் படித்தவர்கள் "சரி, வரிசை தவறு" என்று மாற்றிப்போடுவார்கள். ஆல்பம் மேலே, பழையவை கீழே. அப்போதும் வராது. பிறகுதான் எனக்குத் தொலைபேசி வரும்.

ஆர்சிங்க் எப்படி நடக்கிறது என்று கூடவே நடந்து பாருங்கள். முழுப் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு அது யோசிப்பதில்லை. உச்சியில் தொடங்கி, வாசல் வாசலாக உள்ளே போகிறது. முதலில் `/பழையவை` என்ற வாசலுக்கு வருகிறது. உள்ளே ஆல்பம் இருப்பது அதற்கு இன்னும் தெரியாது. விதிப் பட்டியலைப் பார்க்கிறது. முதல் வரி ஆல்பத்தைப் பற்றியது, கையில் இருக்கும் பெயர் பழையவை, பொருந்தவில்லை. இரண்டாவது வரி பழையவையை விலக்கச் சொல்கிறது, பொருந்திவிட்டது. வாசல் மூடியது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அடுத்த ஃபோல்டருக்குப் போய்விடுகிறது. ஆல்பத்தைச் சேர்க்கச் சொன்ன வரியை வைத்து ஆல்பத்தைப் பரிசோதிக்கும் நேரமே வருவதில்லை.

ஆகவே வாசலை விலக்கக் கூடாது, வாசலுக்குள் இருப்பவற்றை விலக்க வேண்டும்:

`+ /பழையவை/ஆல்பம்/`
`- /பழையவை/*`

இப்போது பழையவை என்ற பெயர் எந்த வரியிலும் பொருந்தாது, முதல் பதிலின்படி சேர்ந்துவிடும். உள்ளே நுழைந்ததும் ஆல்பம் முதல் வரியில் பிழைத்துக்கொள்ளும். மற்றவை இரண்டாம் வரியில் விழும். ஆல்பத்துக்குள் இருக்கும் படங்கள்? ஒற்றை நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது என்பதால் இரண்டாம் வரி அவற்றை எட்டாது, அவையும் போகும். அங்கே இரட்டை நட்சத்திரம் போட்டிருந்தால் வெறும் ஆல்பம் ஃபோல்டர் மட்டும் போய், படங்கள் நின்றிருக்கும்.

7. நான் சேர்க்க வேண்டியது மூன்று படி உள்ளே இருக்கிறது. அப்போது?

முந்தைய பதிலில் சொன்னதுதான், ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியாக. பழையவைக்குள் 2015, அதற்குள் ஆல்பம் என்றால்:

`+ /பழையவை/2015/`
`+ /பழையவை/2015/ஆல்பம்/`
`- /பழையவை/2015/*`
`- /பழையவை/*`

முதல் வரியை மறப்பவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் நான்காவது வரி 2015-இன் வாசலை மூடிவிடும்.

8. ஜேபிஜி படங்கள் மட்டும் போதும். "எல்லாவற்றையும் விலக்கு" என்று கடைசியில் போட்டேன், ஒன்றுமே போகவில்லையே?

எல்லாவற்றையும் என்றால் ஃபோல்டர்களையும்தான். `- *` என்ற வரி உச்சியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. உள்ளே எத்தனை ஜேபிஜி இருந்தாலும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. மேலே ஒரு வரி வேண்டும்:

`+ */`
`+ *.ஜேபிஜி`
`- *`

முதல் வரி, "ஃபோல்டர் எதுவானாலும் உள்ளே போ" என்கிறது. இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு: படமே இல்லாத ஃபோல்டர்களும் காலியாக மறுபக்கம் போய் உட்காரும். ப்ரூன்-எம்ப்டி-டிர்ஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் காலி ஃபோல்டர்கள் தங்காது.

9. முன்சாய்கோடு போட்டு முழுப் பாதையும் எழுதினேன், அப்படியும் பிடிக்கவில்லை.

முழுப் பாதை எழுதியதுதான் காரணம். ஆர்சிங்க் விதியில் முன்சாய்கோடு என்பது வட்டின் உச்சியைக் குறிப்பதில்லை. நீங்கள் நகலெடுக்கச் சொன்ன இடத்தின் உச்சியைக் குறிக்கிறது. `/தரவு/படங்கள்/` என்ற இடத்தை நகலெடுக்கச் சொல்லிவிட்டு, விதியில் `- /தரவு/படங்கள்/2019/` என்று எழுதினால், படங்கள் ஃபோல்டருக்குள் இன்னொரு "தரவு" இருக்கிறதா என்று அது தேடும். எழுத வேண்டியது `- /2019/`.

இதிலும் ஒரு நுணுக்கம். மூலத்தை எழுதும்போது கடைசிச் சாய்கோட்டை விட்டு `/தரவு/படங்கள்` என்று எழுதினால், படங்கள் என்ற ஃபோல்டரும் சேர்ந்து நகலாகிறது; அப்போது உச்சி அதற்கு ஒரு படி மேலே போய்விடும். விதி `- /படங்கள்/2019/` என்று மாற வேண்டும். நேற்று வரை வேலை செய்த விதி இன்று செய்யவில்லை என்றால், யாரோ கட்டளையில் அந்தக் கடைசிச் சாய்கோட்டைத் தொட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். ரிலேட்டிவ் தெரிவு போட்டாலும் இதேபோல் உச்சி மாறும்; அதில் நீங்கள் கொடுத்த முழுப் பாதையையும் விதியில் எழுத வேண்டும்.

ரெஸ்டிக்கில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே முன்சாய்கோடு என்றால் வட்டின் உச்சிதான். போர்க்கின் 1 வரிசைப் பதிப்புகள் பாதைகளை முன்சாய்கோட்டை நீக்கிவிட்டுத்தான் சேமிக்கின்றன.

10. அதே ஜேபிஜிதான், சிலது போகிறது, சிலது போகவில்லை.

கேமரா கோப்பு வகையைப் பெரிய எழுத்தில் எழுதும். கணினியில் திருத்திச் சேமித்தவை பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். ஆர்சிங்க்குக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒவ்வொரு எழுத்தின் இரண்டு வடிவத்தையும் சதுர அடைப்புக்குள் போட்டு எழுதலாம், அல்லது இரண்டு வரியாகவே எழுதிவிடலாம். எனக்கு இரண்டு வரி பிடிக்கும். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும். ரெஸ்டிக்கில் ஐ-எக்ஸ்க்ளூட் என்று தனித் தெரிவே இருக்கிறது, அது பெரிது சிறிது பார்க்காது.

11. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். விதியும் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், வேலை செய்யும். ஆனால் நிரல் பார்ப்பது நாம் பார்க்கும் எழுத்தை அல்ல. "கி" நமக்கு ஓர் எழுத்து. யுனிகோடில் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டு குறியீடுகள், யூடிஎஃப்-8 முறையில் 6 பைட்டுகள். ஆகவே `பட*` என்ற விதி படம், படகு ஆகியவற்றோடு படிவம், படைப்பு ஆகியவற்றையும் பிடிக்கும். கண்ணுக்கு "படி" என்பது "பட" என்று தொடங்குவதாகத் தெரியாது. உள்ளே ப, ட, அதன் பிறகு இகரக் குறி என்றுதான் வரிசை. மாறாக `*ம` என்று எழுதினால் படம் அகப்படாது, கடைசியில் புள்ளி நிற்கிறது. ஓர் எழுத்துக்கு நிற்கும் கேள்விக்குறியைத் தமிழ்ப் பெயர்களில் பயன்படுத்தவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல் மேக் கணினிகளோடு வருகிறது. "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஓகார, ஔகாரக் குறிகளும் அப்படியே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு முறை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். நீங்கள் லினக்ஸில் தட்டிய "கொலு" சேர்த்த வடிவம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டாகப் பார்த்தால் வேறு, விதி பொருந்தாது. கொலுப் படங்கள் இருந்த ஒரு ஃபோல்டரை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் இதோடு போராடியிருக்கிறேன். ஆர்சிங்க்கில் ஐகான்வ் என்ற தெரிவு இந்த வடிவங்களை மாற்றித் தரும். அது வேண்டாம் என்றால், விதியில் சிக்க வேண்டிய ஃபோல்டர்களுக்கு மட்டும் ஒகர ஓகார ஔகாரம் இல்லாத பெயராக வைத்துவிடுவது சுலபம்.

12. ஆர்சிங்க் பட்டியலை அப்படியே ரெஸ்டிக்குக்கும் போர்க்குக்கும் கொடுக்கலாமா?

கூடாது. சாய்கோட்டில் உள்ள மாற்றம் 4, 9 பதில்களில், நட்சத்திரத்தில் உள்ள மாற்றம் 5-இல் இருக்கிறது. அதோடு ரெஸ்டிக்கில் சேர் விதி என்று தனியாக இல்லை. விலக்குப் பட்டியலிலேயே ஆச்சரியக்குறியோடு தொடங்கும் வரி, அதற்கு முன் விலக்கியதை ரத்து செய்யும். கிட்-இக்னோர் போல. கிட்-இக்னோருக்கு உள்ள குறையும் சேர்ந்தே வருகிறது: ஃபோல்டரையே விலக்கிவிட்டால் உள்ளே இருப்பதை மீட்க முடியாது. வரிசை தலைகீழானாலும் வாசல் கதை (6-ஆம் பதில்) மாறவில்லை பாருங்கள்.

போர்க் மட்டும் இதில் தாராளம். அதன் பேட்டர்ன் பட்டியலில் கழித்தல் குறி போட்டு விலக்கிய ஃபோல்டருக்குள்ளும் அது இறங்கிப் பார்க்கும். மேலே சேர் விதியில் சொன்ன கோப்பு அங்கே இருந்தால் எடுத்துக்கொள்ளும். இறங்கவே வேண்டாம் என்றால் கழித்தலுக்குப் பதில் ஆச்சரியக்குறி. கவனியுங்கள்: ரெஸ்டிக்கில் ஆச்சரியக்குறி மீட்கிறது, போர்க்கில் அதே குறி வாசலைப் பூட்டுகிறது.

13. விதியைப் புதிதாகச் சேர்த்தேன். ஏற்கனவே பேக்கப்பில் இருக்கும் அந்தக் கோப்புகள் அழிந்துவிடுமா?

ஆர்சிங்க்கில் அழியாது, மூலத்தில் இல்லாததை மறுபக்கத்திலும் அழிக்கும் டெலீட் தெரிவு போட்டிருந்தாலும் அழியாது. விலக்கு விதிக்கு அங்கே இரண்டு முகம்: மூலத்தில் இருப்பதை மறைக்கும், மறுபக்கத்தில் இருப்பதைப் பாதுகாக்கும். "விலக்கியும் இடம் குறையவில்லையே" என்று கேட்பவர்களுக்குக் காரணம் இதுதான். அவற்றையும் துடைக்க டெலீட்-எக்ஸ்க்ளூடட் என்ற தெரிவு வேண்டும். அதைப் போடும் நாளில் விதிப் பட்டியலை இரண்டு முறை படித்துவிடுங்கள். 3-ஆம் பதிலில் சொன்ன என் டெம்ப் விதியோடு இந்தத் தெரிவும் இருந்திருந்தால், முன்பே பேக்கப்பில் இருந்த கோயில் படங்களும் போயிருக்கும்.

ரெஸ்டிக், போர்க் இரண்டும் ஒவ்வொரு முறையும் தனித்தனி நிலையைச் சேமிப்பவை. புதிய விதி இனி எடுப்பவற்றுக்கு மட்டும் பொருந்தும். பழைய நிலைகளில் அந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும், அவை காலாவதியாகித் துடைக்கப்படும்வரை. பழையவற்றிலிருந்தும் நீக்கியே ஆக வேண்டும் என்றால் ரெஸ்டிக்கில் ரீரைட், போர்க்கில் ரீகிரியேட் என்ற கட்டளைகள் உண்டு.

14. பெரிய கோப்புகளை அளவை வைத்து விலக்கினால்?

ஆர்சிங்க்கின் மேக்ஸ்-சைஸ் ஒரு விலக்கு விதி அல்ல. கோப்பு பட்டியலில் இருக்கும், அதை மறுபக்கம் அனுப்புவது மட்டும் நடக்காது. ஆகவே முந்தைய பதிலில் சொன்ன அழிப்புக் கணக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரெஸ்டிக்கில் எக்ஸ்க்ளூட்-லார்ஜர்-தேன் உண்மையான விலக்கு. அந்த அளவைத் தாண்டிய நாளிலிருந்து அந்தக் கோப்பு புதிய நிலைகளில் இருக்காது. வளர்ந்துகொண்டே போகும் மின்னஞ்சல் பெட்டி ஒருநாள் சத்தமில்லாமல் இப்படித்தான் காணாமல் போகும். எனக்கு இந்த வகை விதியில் நம்பிக்கை இல்லை.

15. ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினால் விலக்கும் கூடவே வருமா?

பாதையை எழுதியிருந்தால் வராது. பெயரை மட்டும் எழுதியிருந்தால் வரும், 3-ஆம் பதிலில் சொன்ன ஆபத்தோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: ஃபோல்டருக்குள்ளேயே ஓர் அடையாளக் கோப்பை வைத்துவிடுவது. எக்ஸ்க்ளூட்-இஃப்-பிரசன்ட் தெரிவில் அந்தக் கோப்பின் பெயரைச் சொன்னால், அது இருக்கும் ஃபோல்டரை ரெஸ்டிக்கும் போர்க்கும் விட்டுவிடும். ஃபோல்டர் எங்கே போனாலும் அடையாளம் கூடவே போகும்.

தற்காலிகச் சேமிப்பு ஃபோல்டர்களுக்கென்று இப்படிப் பொதுவான ஓர் அடையாளம் ஏற்கனவே உண்டு. கேஷ்டிர்-டேக் என்ற அந்தக் கோப்பின் பெயர் மட்டும் போதாது. தொடக்கத்து 43 எழுத்துகள் நிர்ணயித்தபடி இருந்தால்தான் ஏற்கப்படும். தற்செயலாக யாரோ அதே பெயரில் கோப்பு வைத்து ஃபோல்டரை இழந்துவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். மேக்கோடு வரும் பேக்கப் நிரலான டைம் மெஷினில் இரண்டு வகை: ஃபோல்டரோடு ஒட்டிக்கொண்டு நகரும் விலக்கு ஒன்று, பாதையோடு நிற்கும் விலக்கு ஒன்று.

16. இணையத்தில் நல்ல விலக்குப் பட்டியல் கிடைத்தது. அப்படியே போட்டுவிடலாமா?

ஒரு கணக்கு அலுவலகத்தில் அப்படிப் போட்டிருந்தார்கள். பட்டியலில் `*.பாக்` என்று ஒரு வரி. பழைய நகல்கள்தானே, குப்பை என்று எழுதியவர் நினைத்திருப்பார். ஆனால் அவர்களுடைய பில்லிங் மென்பொருளின் தரவுத்தளம் எஸ்கியூஎல் சர்வரில் ஓடியது. இரவுதோறும் அது எடுத்து வைக்கும் முழு நகலுக்கு அந்த வகைப் பெயர்தான் வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை நேராக நகலெடுத்தால் நம்ப முடியாது. நம்பத்தக்க ஒரே கோப்பு அந்த பாக். அதைத்தான் விலக்கியிருந்தார்கள்.

பட்டியலை எடுத்துக்கொள்ளலாம், வரி வரியாக. ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பெயரில் நம் வட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்த பிறகு. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமின் முன்னோட்டங்களைப் போன்றவற்றை விலக்கலாம், அது மறுபடியும் தானாக உருவாக்கிக்கொள்ளும். பக்கத்திலேயே இருக்கும் கேட்டலாக் கோப்பை விலக்கினால் திருத்தங்கள் போய்விடும்.

17. கட்டளையாகத் தட்டும்போது வேலை செய்கிறது, விதிக் கோப்பில் எழுதினால் செய்யவில்லை.

மேற்கோள் குறியைப் பாருங்கள். கட்டளை வரியில் நட்சத்திரத்தை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்சிங்க்குக்குப் போவதற்கு முன்பே ஷெல் (நாம் தட்டும் கட்டளையை முதலில் படிக்கும் நிரல்) அதை அங்கிருக்கும் கோப்புப் பெயர்களாக விரித்துவிடக்கூடும். விதிக் கோப்பில் மேற்கோள் வேண்டாம். போட்டால் அதையும் பெயரின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளும். பயனர் ஃபோல்டரைக் குறிக்கும் அலைக்குறியும் அப்படித்தான்: அதை விரிப்பது ஷெல், விதிக் கோப்பைப் படிப்பது ஷெல் அல்ல.

18. எந்த விதி என் கோப்பைத் தடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்சிங்க்கை டிரை-ரன் தெரிவோடும், விரிவாகச் சொல்லச் சொல்லும் வி எழுத்தை இரண்டு முறை போட்டும் ஓட்டுங்கள். எதையும் நகலெடுக்காது; ஆனால் ஒவ்வொரு விலக்குக்கும், இந்தக் கோப்பை இன்ன பேட்டர்ன் காரணமாக மறைக்கிறேன் என்று ஒரு வரி எழுதும். தேடும் கோப்பின் பெயர் அந்த வரிகளில் இல்லாவிட்டால், அதன் மேல் ஃபோல்டரின் பெயரைத் தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் அதற்கும் மேல். எங்காவது ஒரு வாசல் மூடியிருக்கும். போர்க்கில் டிரை-ரன்னோடு லிஸ்ட் தெரிவைப் போட்டால் விலக்கியவை எக்ஸ் எழுத்தோடு வரும். விலக்காதவற்றுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். ஒத்திகை என்பதால் எடுக்கவில்லை என்று அதற்குப் பொருள். விதியில் கழித்தல் என்றால் விலக்கு என்று பழகியவர்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள்.

ஒத்திகையோடு நான் நிறுத்துவதில்லை. மிக ஆழமான ஃபோல்டர் ஒன்றில் "சோதனை" என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பை வைத்துவிட்டு, மறுநாள் பேக்கப்பிலிருந்து அதை மீட்டுப் பார்ப்பேன்.

19. இந்த விதிப் பட்டியலை எங்கே வைப்பது?

பேக்கப் ஆகும் இடத்துக்குள்ளேயே. கணினி போய்ப் புதியதில் மீட்கும்போது, எதையெல்லாம் வேண்டுமென்றே விட்டோம் என்று தெரிய அந்தப் பட்டியல்தான் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் மேல் எண் குறி (`#`) போட்டு, ஏன் விலக்கினோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆர்சிங்க் அந்த வரியைப் படிக்காது.

புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஸ்டூடியோவில் அப்படித்தான் வைத்திருந்தேன். பட்டியலின் மூன்றாவது வரி `- .*`.